தொழுகைக்கூடம் பிணவறையான நாட்கள்



சமய நல்லிணக்கம் என்றால் ரம்ஜானுக்குப் பிரியாணியும் கிறிஸ்துமசுக்குக் கேக்கும் கொடுத்து வாங்குவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் நமக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பது, அவருடைய செபத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தால்தான் புரியும்.

2019 ஆகஸ்ட் 8 இரவு, கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலுள்ள கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் மாண்டனர். மண்ணிலிருந்து எடுத்த உடல்களைப் பிரேதப் பரிசோதனை செய்ய அருகில் இடமில்லை. நிலம்பூர் அரசு மருத்துவமனை தொலைவில் இருந்தது. போத்துகல் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் தங்கள் தொழுகைக்கூடத்தின் ஒரு பகுதியை அதற்காகத் திறந்துவிட்டார்கள். இறந்தவர் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை.

இதன் கனத்தை எண்ணிப் பாருங்கள். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் 'உளூ' கட்டாயம். தொழுகிறவரின் உடல், உடை, தரை எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். இரத்தம் பட்ட இடத்தைக் கழுவாமல் அங்கே தொழ முடியாது. அப்படிப்பட்ட தரையைத்தான் அவர்கள் அழுகிய உடல்களுக்குக் கொடுத்தார்கள்.

இது திடீரென்று வந்த தாராள மனம் என்று நான் நினைக்கவில்லை. தோளோடு தோள் சேர்ந்து வரிசையில் நிற்பதே கூட்டுத் தொழுகை. அங்கே முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் தனித்தனி இடம் கிடையாது. அவர்களுடைய அடக்கத் தொழுகையான ஜனாஸாவோ ஊர் முழுவதற்குமான கடமை. சிலர் நிறைவேற்றினால் எல்லாருடைய கடமையும் தீரும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. இறந்தவரை நல்லபடியாக வழியனுப்புவது ஊரின் பொறுப்பு என்று பழகிய மக்களுக்கு, அந்தப் பொறுப்பை அடுத்த சமயத்தாருக்கும் நீட்டுவது அரிதல்ல. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது, அடையாளம் தெரியாத உடல்களைப் புதுமலையில் பல சமயத்தாரும் சேர்ந்து செபித்தே அடக்கம் செய்தார்கள். யாருடைய பிள்ளை என்றே தெரியாதபோது வேறு எப்படிச் செபிப்பது?

நம் ஊர்களிலோ பாங்கு ஒலிக்கும் ஒலிபெருக்கி, தேர்பவனி போகும் தெரு என்று ஏதாவது ஒன்றில் மனக்கசப்பு தொடங்குகிறது. காவல் நிலையத்துக்குப் போகுமுன் பள்ளிவாசல் வாசலுக்கு ஒருமுறை போய்ப் பேசலாமே! இஸ்லாமியர் செபத்தாலும் தர்மத்தாலும் நோன்பாலும் கடவுளை வழிபடுகிறார்கள், அவர்களைத் திருச்சபை மதிக்கிறது என்று 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்துவிட்டது. 1967 முதல் ரம்ஜானையொட்டி வத்திக்கானிலிருந்து இஸ்லாமியருக்கு வாழ்த்துச் செய்தியும் வருகிறது. நம் பங்குகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அடுத்த ஆண்டுச் செய்தி வந்ததும் அதைத் தமிழில் நகலெடுத்து ஜமாஅத் தலைவரிடம் நேரில் கொடுக்க, அன்பியத்திலிருந்து இரண்டு பேர் போனால் போதும்.