அறியாதார் எவர்?

உலகம் வெப்பமுற்று வருவதுபற்றி அறிவீரோ என 2011-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நாட்டில் நாலாயிரவர்க்கு மேற்பட்டாரிடம் வினவப்பெற்றது. வினவியவர் அமெரிக்க யேல் பல்கலைக்கழக ஆய்வாளர். கேள்விப்பட்டதே இல்லை, அல்லது தெரியாது என்றோர் 41 விழுக்காட்டினர். மிகுதியும் அறிவோம் என்றோர் வெறும் 7 விழுக்காட்டினர். அவ்வளவில் நின்றிருப்பின், அறியாமையில் மூழ்கிய மக்கள் என ஏட்டில் எழுதி மூடியிருப்பர். பொருளைச் சுருங்க விளக்கி மீண்டும் வினவியபொழுதோ, 72 விழுக்காட்டினர் அது நிகழ்கின்றது என்றனர்!

நொடிப்பொழுதில் மக்கள் அறிஞராகிவிடவில்லை. மேட்டூர் நீர் சூன் 12-இல் வருமா, வாராதா என ஆண்டுதோறும் வானையும் அணையையும் நோக்கிக் கிடக்கும் உழவன் மழையின் போக்கை அறியாதவன் அல்லன். அவன் அறியாதது அலுவலகத்தார் அதற்கு இட்ட பெயரை மட்டுமே. விளக்கம் கேட்டபின் ஆமென்றாருள், வந்தவர் மனங்கோணாமைக்காகத் தலையசைத்தாரும் இருக்கலாம். அதனையும் மறுப்பதற்கில்லை.

சொல்லின் ஆற்றல் படித்தாரையும் விட்டபாடில்லை. 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், ‘உலக வெப்பமுறல்’ எனக் கேட்டபொழுது அதனை மெய்யென்ற குடியரசுக் கட்சியினர் 44 விழுக்காட்டினர். ‘காலநிலை மாற்றம்’ எனக் கேட்டபொழுதோ 60 விழுக்காட்டினர்! மக்களாட்சிக் கட்சியினரிடம் அவ் வேறுபாடு இல்லை. இந் நுட்பத்தை அரசியலார் முன்னரே அறிந்திருந்தனர். அச்சுறுத்தாத சொல் என்பதற்காகவே ‘காலநிலை மாற்றம்’ என ஆளுமாறு, பிராங்கு இலண்ட்சு என்னும் கருத்துரைஞர் 2002-இல் தம் குடியரசுக் கட்சியினர்க்கு எழுதிக்கொடுத்தார்.

தமிழிலோ, காலநிலை, பருவநிலை, தட்பவெப்பநிலை என நாளிதழ்கள் ஆளுக்கொரு சொல்லை ஆள்கின்றன. பருவநிலை மாறுகின்றதா எனச் சிற்றூரில் கேட்டால், காரும் கூதிரும் மாறி மாறி வருவதைத்தானே கேட்கின்றார் எனக் கருதி, மாறாமல் என்ன என்பர். அவ் விடையும் விழுக்காட்டில் ஏறும்! அதைக் கொண்டு திட்டம் தீட்டுவாரும் உளர். ஆங்கில வினாத்தாளை அறையில் அமர்ந்து பெயர்த்து அனுப்புவார்க்கு இஃது எங்ஙனம் விளங்கும்? அச்சிடுமுன் உழவர், மீனவர், செங்கற்சூளைத் தொழிலாளர் சிலரிடம் வினாவைப் படித்துக்காட்டி, அவர் கொண்ட பொருள் யாதெனக் கேட்டெழுத ஒரு நாள் போதுமே.