கோபுரத்தை விரட்டினால் கதிர் குறையுமா?

சென்னையின் பாடியில் குடியிருப்புகளுக்கு நடுவே செல்போன் கோபுரம் கூடாது, தொலைவில் நட்டால் கதிர்வீச்சு குறையும் என்ற வாதம் பாதிக் கணக்கைத்தான் போடுகிறது. கோபுரத்து ஆன்டெனா ஆற்றலைப் பெரும்பாலும் கிடைமட்டமாகவே வீசுகிறது. அடிவாரத்தில் விழுவது சொற்பம். தொலைவு இரட்டித்தால் திறந்த வெளியிலேயே செறிவு கால் பங்காகும்; தொழிற்கூடங்களின் தகரக் கூரைகளும் கான்கிரீட் சுவர்களும் மேலும் தடுக்கும். அப்போது கோபுரத்தை எட்ட, காதோரத்துக் கைபேசிதான் கூடுதல் திறனோடு வீசும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இக்கதிர்வீச்சைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்ததே என்பார்கள். அதற்கு முதன்மை ஆதாரம் கைபேசியில் பேசியோர் பற்றிய ஆய்வுகள், கோபுரங்கள் அல்ல. 2012 செப்டம்பரில் இந்தியா கோபுரக் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காக்கியது. வரம்பு காக்கப்படுகிறதா என அளந்து காட்டச் சொல்லுங்கள். அதுவே நியாயமான கோரிக்கை.