ஒன்ற முடியாத மனிதர்கள்

"அந்தப் பாத்திரத்தோடு ஒன்ற முடியவில்லை, ஆகவே நாவல் சுவைக்கவில்லை." நம் வாசகர் வட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும் தீர்ப்பு இது. சொல்பவர் நூலைக் குறை கூறுவதாக எண்ணிக்கொள்கிறார். பல வேளைகளில் அவர் தம்மைப் பற்றியே வாக்குமூலம் தருகிறார் என்பது நம் கருத்து.

கதைமாந்தரோடு ஒன்றுவதால்தான் நாவல் இன்பம் தருகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஏட்டில் மட்டுமே வாழும் ஒருவருக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறோம். அவர் துன்புற்றால் நம் தொண்டை அடைக்கிறது. அந்த உறவு இல்லையேல் நாவல் வெறும் செய்திக் கோவையாகிவிடும். ஆனால் ஒன்றுதல் என்பதை, நல்லவரைப் போற்றுதல் என்றும் நம்மைப் போன்றவரைக் கண்டு மகிழ்தல் என்றும் சுருக்கிவிட்டோமே, அதனோடுதான் நமக்கு வழக்கு.

முதற் சுருக்கத்திற்கு நெடிய மரபு உண்டு. 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்', மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளையின் படைப்பு என்பது நமக்குப் பெருமை. முதன்மை மாந்தரைக் குறையற்ற நல்லோராகவே படைத்ததாக அவர் முன்னுரையில் கூறினார். ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தைத் துணைக்கு அழைத்தார். ஆண்வேடம் பூண்டு நாடாளும் ஞானாம்பாளைக் கண்டு இன்றும் நாம் வியக்கிறோம். தமிழ் உரைநடைக் கதை அரும்பிய அக்காலத்திற்கு அந்த முடிவு தக்கதே. எனினும், நூற்றாண்டு கடந்த பின்னும் ஒவ்வொரு நாவலின் வாயிலிலும் நின்று, "உள்ளே நல்லவர் இருக்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டிருப்பது முறையா?

மன்னார்குடிக்கு அருகே தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன் 1966-இல் 'அம்மா வந்தாள்' நாவலைத் தந்தார். அலங்காரம் கணவனும் மக்களும் உள்ள குடும்பத் தலைவி; பிற ஆடவனோடு உறவு கொண்டவள். தன் பாவத்திற்குப் பரிகாரமாக மகன் அப்புவைக் காவிரிக்கரை வேத பாடசாலைக்கு அனுப்பி வைக்கிறாள். "இத்தகைய நூல் நம் வீட்டுக்குள் வரலாமா?" என்று கேட்கும் பக்தர்கள் இன்றும் உளர். அவர்களைக் கேட்கிறோம்: பாவத்தை விடவும் முடியாமல், அதன் பாரத்தைச் சுமக்கவும் முடியாமல் தவிக்கும் நெஞ்சம், பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிட்ட நமக்குப் புதியதா? அவள் செயலை ஜானகிராமன் நியாயப்படுத்தவில்லை. கல்லெறியும் தொலைவிலிருந்து அவளருகே நம்மை அழைத்துவருகிறார், அவ்வளவே. அங்கே நின்றபின் நமக்குக் கிடைக்கும் இன்பம் வியப்பின் இன்பமன்று. ஓர் உயிரை அதன் குறையோடு அறிந்துகொண்டதால் வரும் நிறைவு அது.

இரண்டாம் சுருக்கம் இதனினும் கொடியது. பாவியோடு ஒன்றிவிட்டோம் என்று மனம் மகிழ்வோரும், வரப்பில் நிற்பவரிடம் வந்தவுடன் நின்றுவிடுகின்றனர். அலங்காரம் நம் வீட்டுப் பேச்சைப் பேசுகிறாள். நம் வயலில் நாற்று நடுபவள் பேசுவது வேறு பேச்சு.

1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய கீழைத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், அடைக்கலம் புகுந்த ஒரு சிறு குடிசையிலேயே எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். வேளாங்கண்ணித் திருத்தலம் அமைந்த அதே நாகை வட்டாரம் அது. நம் ஆலயங்களில் வைக்கோல் வேய்ந்த குடிலுக்குள் பாலன் இயேசுவைக் கிடத்தியிருந்த இரவு அது.

அக்கொடுமையைக் களமாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1975-இல் வந்தது. 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. துணிவான நூல்தான். ஆயினும் டில்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் அதில் நமக்கு வசதியான இருக்கை போட்டுத் தருகின்றனர். படித்த நாம் படித்த அவர்களோடு அமர்ந்து, எரியும் சேரியைத் தொலைவிலிருந்து பார்க்கிறோம். 1999-இல் சோலை சுந்தரபெருமாள் எழுதிய 'செந்நெல்' நாவல், அதே மண்ணின் பேச்சில் அதே மக்களை நம் முன் நிறுத்தியது. அந்நூலைப் பற்றியும் அதே முறையீடு எழுகிறது: "வட்டார வழக்கு புரியவில்லை, ஒன்ற முடியவில்லை." எத்தகைய சொல் இது! ஒரே வாய்க்கால் நீரில் வாழ்ந்து, அவர்கள் அறுத்த நெல்லை உண்டு வளர்ந்தவர்க்கு, அறுத்தவரின் மொழி புரியவில்லையாம்! அயல்நாட்டு நாவலைக் குறிப்புரையோடு பொறுமையாகப் படிக்கும் நாம், அடுத்த தெருவின் சொல்லுக்கு அந்தப் பொறுமையைத் தர மறுப்பதேன்?

ஆலயத்திற்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய வரலாறு நமக்கு உண்டு. அந்தப் பழக்கம் நூலகத்திற்குள்ளும் நம்மோடு நடந்து வருகிறது என்றே அஞ்சுகிறோம். நமக்கு ஒப்பானவரைத் தேடிப் படிப்பது அப்பழக்கத்தின் நாகரிக வடிவம்.

தனக்கு அயலான் யார் என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு, இயேசு ஒரு கதையைத்தான் பதிலாகச் சொன்னார். கேட்டவர் யூதர், கதையில் இரக்கம் காட்டியவனோ யூதர் வெறுத்த சமாரியன். அவ்வறிஞர் தம்மைப் போன்ற குருவோடோ லேவியனோடோ ஒன்றிக்கொள்ள வழியே இல்லை; அவர்கள் விலகிப் போய்விட்டனர். வெறுத்த ஒருவனோடு ஒன்றினாலன்றி அக்கதை அவருக்குத் திறக்காது. கதை கேட்கும் முறையையே ஆண்டவர் அங்குக் கற்றுத் தந்தார் என்பது மிகையாகாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் திருவருகைக் காலத்தில் நம் அன்பியங்களும் வாசகர் வட்டங்களும் 'செந்நெல்' நூலை எடுத்துக்கொள்ளட்டும். புரியவில்லை என்று மூடி வைக்காமல் உரக்கப் படிக்கட்டும். படிப்பவர், அந்தப் பேச்சு தாய்ப்பேச்சாக உள்ள நம் பங்கின் உழவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். மற்றையோர் முன் வரிசையை அவர் வீட்டாருக்கு விட்டு, பின்னே அமர்ந்து கேட்போம்.