சென்னை கிளையன்ட் கேட்டாரென்று ஜி.எஸ்.டி. நம்பர் எடுக்காதீங்க!

சம்பள வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் பண்ணலாம்னு யோசிக்கிறீங்களா? முதல் பில் அனுப்பினதும் கிளையன்ட் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் இருந்து ஒரு கேள்வி வரும்: "உங்க ஜி.எஸ்.டி. நம்பர் என்ன?" இல்லைன்னா பேமென்ட் நிற்கும் என்பார்கள். உடனே பதறிப்போய் ரெஜிஸ்டர் பண்ணிடாதீங்க. பெரும்பாலானவர்களுக்கு முதல் வருஷம் அது தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து.

புதுச்சேரியில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம். பிள்ளைச்சாவடியையே எடுத்துக்கோங்க. டவுனில் இருந்து ஈ.சி.ஆரில் அங்கே போக நடுவில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் தாண்டணும். அவை தமிழ்நாடு. ஜி.எஸ்.டி. கணக்கில் தமிழ்நாட்டின் கோட் 33, புதுச்சேரியின் கோட் 34. அதனால் பிள்ளைச்சாவடியில் உட்கார்ந்து கோட்டக்குப்பம் கடைக்கு லோகோ டிசைன் பண்ணினாலும் அது வெளிமாநில சப்ளைதான். சென்னை, பெங்களூரு கிளையன்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"வெளிமாநிலம்னா முதல் ரூபாயில் இருந்தே ஜி.எஸ்.டி. கட்டாயம்" என்று இன்னும் பலர் சொல்றாங்க. சட்டத்தின் 24-வது பிரிவில் அப்படி இருப்பது உண்மை. பொருள் விற்பவர்களுக்கு, சில விலக்குகள் போக, இன்றும் அதுதான் விதி. ஆனால் சேவை தருபவர்களுக்கு 2017 அக்டோபர் 13 அன்றே விலக்கு வந்துவிட்டது. அறிவிக்கை எண் 10/2017, ஒருங்கிணைந்த வரி. ஆண்டு டர்ன்ஓவர் 20 லட்சம் வரை, வெளிமாநிலத்துக்கு பில் போட்டாலும் இந்தக் காரணத்துக்காக ரெஜிஸ்டர் பண்ண வேண்டியதில்லை.

"எடுத்து வெச்சா ஒரு கெத்துதானே, என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்க. ஒரு கிளினிக்குக்கு மாதம் 60,000 ரூபாய்க்கு சோஷியல் மீடியா வேலை பார்க்கிறீங்க. நம்பர் எடுத்துட்டா முதல் பில்லில் இருந்தே 18% போடணும். அதாவது 70,800. மருத்துவச் சேவைக்கு வரி விலக்கு இருப்பதால், நீங்க போடும் வரியை கிளினிக் கிரெடிட் எடுக்க முடியாது. "எல்லாம் சேர்த்து 60,000தான்" என்பார்கள். அப்போ உங்க கைக்கு 50,847. வரி 9,153. வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1,10,000 ரூபாய் உங்க பாக்கெட்டில் இருந்து போகுது!

இன்னொன்று, பில் போட்டாலே வரி கட்டணும். கிளையன்ட் 60 நாள் கழிச்சு பணம் தந்தாலும் அரசாங்கம் காத்திருக்காது. வேலையே இல்லாத காலத்துக்கும் நில் ரிட்டர்ன் போடணும். தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய். வரி இருந்தால் நாளுக்கு 50 ரூபாய்.

அதுக்காக 20 லட்சத்தை மறந்துடாதீங்க. அது லாபம் இல்லை, மொத்த பில் தொகை. ஏப்ரல் முதல் மார்ச் வரை, உங்க பான் நம்பரில் இந்தியா முழுக்க வரும் எல்லாம் சேரும். வெளிநாட்டு கிளையன்ட் தரும் பணமும் சேரும், வீட்டு வாடகையும் சேரும். வேலையில் இருந்தப்போ வாங்கின சம்பளம் மட்டும் சேராது. மாதம் சராசரியாக 1,66,000 ரூபாயை நெருங்கினால் உஷாராகுங்க. தாண்டின நாளில் இருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். அரசாங்கக் கட்டணம் எதுவும் கிடையாது. அதுவரை பான் நம்பரோடு சாதாரண பில் போதும். ஆனால் நம்பர் இல்லாமல் 18% வசூலிப்பது சட்டப்படி தப்பு.

முன்கூட்டியே எடுப்பது யாருக்கு லாபம்? கிளையன்ட் எல்லாரும் கிரெடிட் எடுக்கக்கூடிய கம்பெனிகள், வரியைத் தனியாகத் தர்றோம்னு எழுத்தில் சொல்றாங்க, நீங்களும் லேப்டாப், கேமரா என்று வரி கட்டி நிறைய வாங்குறீங்க என்றால் தாராளமா எடுங்க. அது நீங்க கணக்குப் போட்டு எடுக்கும் முடிவா இருக்கணும்.

மற்றவர்கள் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு இப்படி ஒரு மெயில் போடுங்க: "எனது ஆண்டு டர்ன்ஓவர் 20 லட்சத்தைத் தாண்டவில்லை. 10/2017 ஒருங்கிணைந்த வரி அறிவிக்கையின்படி வெளிமாநில சேவைக்காக நான் பதிவு செய்ய வேண்டியதில்லை. டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பவும்." பல இடங்களில் அவங்க மென்பொருளில் ஒரு கட்டம் காலியாக இருப்பதுதான் பிரச்சினை. அதை நிரப்புவதற்காக உங்க வருமானத்தை விட்டுக்கொடுக்காதீங்க.