வந்தால், போனால், பொத்ரீயா

கப்பலில் எஞ்சினியராக இருக்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் லீவில் ஊருக்கு வந்திருக்கிறான். தென்னமெரிக்கத் துறைமுகங்களுக்கென்று ஸ்பானிஷ் படிக்கிறான். “அண்ணாச்சி, ‘புவேதே’ன்னா முடியும். சரி. ‘பொத்ரீயா’ன்னு இன்னொண்ணு எதுக்கு?”

கேட்பதில் கொஞ்சம் தணிவு வேண்டுமே, அதற்குத்தான். நம் பஜாரில் “குறைங்க” என்று யார் நேரே கேட்கிறார்கள்? “பத்து ரூபா குறைச்சா நல்லாருக்கும்” என்போம். மரியாதையை ‘ஆல்’ சுமக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ‘பொத்ரீயா’வின் வால் ‘ஈயா’, லத்தீனிலிருந்து வந்த துணைவினை ஒன்றின் பழைய இறந்தகால வடிவம் தேய்ந்து ஒட்டியது. நம் ‘வந்தால்’ மட்டும் என்னவாம்? நடுவில் ‘வந்தான்’ என்பதில் உள்ள அதே ‘ந்த்’! நன்னூலோ இந்தச் ‘செயின்’ (செய்தால்) வகையை எதிர்கால எச்சத்தில் சேர்க்கிறது. இன்னும் நடக்காததைச் சொல்ல இரண்டு மொழிகளும் நடந்து முடிந்த காலத்திடம் கடன் வாங்குகின்றன. உறவே இல்லாத மொழிகள்!

இந்தக் கரையில் பையனுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. போர்த்துக்கீசிய யேசுசபைத் துறவி என்ரிக்கே என்ரிக்கஸ், அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்பவர். 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றார். லத்தீன் வினைகளை வாய்பாடு போட்டுப் படிப்பதுபோலத் தமிழ் வினைகளை வரிசைப்படுத்தினார். காலங்களையும் வினைப்பாங்குகளையும் தேடிப் பிடிக்கப் பட்ட பாட்டை 1548இல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் பெயர்த்தது 2013இல் வந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ மட்டுமே நம் பாடப்புத்தகங்களுக்குத் தெரியும். வினைச்சொல்லோடு மல்லுக்கட்டிய மனிதரை விட்டுவிட்டோம்.

அவருக்கு இங்கே ‘ஆல்’ காதில் விழாத நாள் இருந்திருக்காது. காற்று திரும்பினால் கடல், திரும்பாவிட்டால் கரை. முத்துக்குளிப்பின் கதையோ முழுக்க இதுதான். பிரிட்டிஷ் காலத்தில் முதலில் பாரிலிருந்து, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டிலிருந்து, மாதிரிச் சிப்பி எடுப்பார்கள். கழுவிப் பார்த்து, கிடைத்த முத்துக்கு வியாபாரிகள் மதிப்புப் போடுவார்கள். அது தேறினால்தான் சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிப்பு. தேறாமல் ஆண்டுக்கணக்காய்ச் சும்மா கிடந்த காலங்களும் உண்டு. 1955இல் தொடங்கி 1961 வரை வரிசையாக நடந்ததே கடைசி. அதற்குப் பிறகு, “பார் விளைஞ்சிருந்தா…” என்ற பேச்சுதான். அந்த ‘இருந்தா’வுக்கு ஸ்பானிஷில் வேறொரு வாய்பாடு. பையன் அந்தப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை.