காசநோய்க் கட்டியையும் கணினி படிக்கட்டும்

மூளையில் கட்டி என்றதும் ராஜபாளையத்துக் குடும்பம் மதுரைக்கு வண்டி பிடிக்கிறது. கட்டி இருக்கும் இடத்தை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்; ஆனால் அது எந்த வகை என்று உறுதிசெய்ய, பெரும்பாலும் மண்டையோட்டைத் துளைத்துத் திசு எடுக்க வேண்டும். அதே இயந்திரத்தில் எடுக்கும் காந்த அதிர்வு நிறமாலை, கத்தி படாமலே கட்டியின் வேதியியலைச் சொல்கிறது. அதன் வரைகோட்டில் 3.2 பி.பி.எம். அருகே கோலின் என்ற வேதிப்பொருளின் முகடு உயர்ந்து, 2.0 அருகே என்.ஏ.ஏ. என்ற வேதிப்பொருளின் முகடு தாழ்ந்தால் புற்றுக்கட்டி என்று சந்தேகிக்கலாம். 1.3 அருகே கொழுப்பு முகடு மட்டும் ஓங்கி நின்றால் அது காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும்; ஆனால் காசநோய்க் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே கரைந்துவிடும். இந்த முகடுகளைப் பிரித்தறியக் கணினியைப் பழக்கும் முயற்சியை ஐரோப்பாவின் ‘இன்டர்பிரெட்’ திட்டம் 2000-களின் தொடக்கத்திலேயே செய்தது. ஆனால் அங்கே காசநோய்க் கட்டி அரிது. அந்தத் தரவை மட்டும் படித்த கணினி நம் நோயாளியிடம் தடுமாறும். நம் தரவைக் கொண்டு கணினியைப் பழக்க இங்கேயே இடம் உண்டு: ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும், ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. திசுப் பரிசோதனையில் உறுதியான நிறமாலைகளை, நோயாளியின் ஒப்புதலோடு, பெயர் நீக்கி, மதுரை மருத்துவமனைகளிலிருந்து இவற்றின் ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். முடிவெடுப்பவர் எப்போதும் மருத்துவர்தான். அவருக்குக் கைகொடுக்கும் கணினி நம் மக்களின் நோயை அறிந்ததாக இருக்கட்டும்.