பிள்ளையின் தலைப் பொருக்கும் தாயின் மீது விழும் பழியும்





கடந்த டிசம்பரில், ஏற்காடு மலையிலுள்ள நாகலூருக்கு உறவினர் ஒருவரின் இல்லத்து அகீகாவில் கலந்துகொள்ளச் சென்றிருந்தோம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த வீடு. காலை பத்து மணியாகியும் பனிமூட்டம் விலகவில்லை. பிள்ளைக்கு ஒன்றரை மாதம். பிரசவம் சேலத்தில் நடந்தது. தாயும் சேயும் உடனே மலையேற இயலவில்லை. ஆகவே ஏழாம் நாள் கடந்துபோயிருந்தது.

தலைமுடி களைவதற்காகப் பிள்ளையின் கம்பளிக் குல்லாவைக் கழற்றியபோது எங்களுக்குத் திடுக்கிட்டது. உச்சந்தலை முழுவதும் சிவந்து, கீறல் விழுந்து, இரண்டு இடங்களில் இரத்தம் காய்ந்திருந்தது. தலையில் படிந்திருந்த மஞ்சள் பொருக்கை விருந்தினர் பார்த்து முகம் சுளிக்கக் கூடாதென்று, வீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் முந்தைய இரவு பேன்சீப்பால் சுரண்டி எடுத்துவிட்டார். அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் வலியைத் தாங்கியது பிள்ளை.

தாயோ அடுப்படி மூலையில் கண்கலங்கி நின்றாள். “நான் பத்தியம் தவறி மீன் சாப்பிட்டதால்தான் பிள்ளைக்கு இப்படி வந்ததாம் அக்கா” என்று எங்களோடு வந்திருந்த மூத்த சகோதரியிடம் மெல்லச் சொன்னாள். பிள்ளையின் தலையில் இருந்தது பொருக்கு. அவளுடைய நெஞ்சில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது பழி. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பழியே.

முதலில் இப்பொருக்கு எதனால் வருகிறது என்பதை அறிந்துகொள்வோம். மருத்துவர்கள் இதைக் ‘கிரேடில் கேப்’ என்கின்றனர். செபோரிக் டெர்மடைட்டிஸ் என்னும் தோல் அழற்சியின் மழலைப் பருவ வடிவம் இது. பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று மாதங்களுக்குள் தோன்றும். கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து பிள்ளைக்குச் சென்ற ஹார்மோன்கள் அதன் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. சுரந்த எண்ணெயில் உதிர வேண்டிய தோல் செதில்கள் ஒட்டிக்கொள்கின்றன. மனிதத் தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்னும் நுண்ணிய பூஞ்சையும் அந்த எண்ணெயை உண்டு பெருகுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். இது தொற்றுநோயன்று. அழுக்கினால் வருவதுமன்று. பிள்ளைக்குப் பெரும்பாலும் அரிப்போ வலியோ இராது. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகவே மறைந்துவிடும்.

ஆக, தாய் உண்ட மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்ணேறுக்கும் தொடர்பில்லை. கண்ணேறு உண்மை என்பது நம் நம்பிக்கை. அதற்காகக் காரணம் தெரிந்த ஒவ்வொன்றையும் கண்ணேறு என்று சொல்வது மார்க்கமாகாது. நோய்க்கு மருந்து தேடும்படி வழிகாட்டியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மருந்தைத் தேடுவதற்கு முன்பே குற்றவாளியைத் தேடுவது நாம் பழகிக்கொண்ட வழக்கம்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? செய்ய வேண்டியது மிகக் குறைவு. சிறிது தேங்காய் எண்ணெயைப் பொருக்கின் மீது மென்மையாகத் தடவிச் சற்று நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மிருதுவான குழந்தைத் தூரிகையாலோ மெல்லிய துணியாலோ இலேசாக நீவ வேண்டும். அதன்பின் குழந்தைகளுக்கான ஷாம்பூவைக் கொண்டு இளஞ்சூடான நீரில் எண்ணெய் முழுவதும் போகும்படி அலசிவிட வேண்டும். தானாக வருவது வரட்டும். வராததை நகத்தால் பெயர்க்கக் கூடாது. செதிலோடு சில முடிகள் உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம். அவை மீண்டும் வளரும்.

இதில் நாம் அதிகம் தவறுவது எண்ணெயை அலசாமல் விடுவதில்தான். நாகலூர் போன்ற குளிர் மலையூர்களில், தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்று அஞ்சி எண்ணெயை அப்படியே விட்டு, அதன் மேல் கம்பளிக் குல்லாவையும் மாட்டிவிடுகிறார்கள். தங்கிய எண்ணெய் பொருக்கை மேலும் தடிப்பாக்கும். வெயில் ஏறிய நண்பகலில், கதவு சன்னலைச் சாத்திய அறையில் தலையை மட்டும் விரைவாக அலசி உடனே துவட்டிவிடலாம். முடி நன்கு காய்ந்த பின் குல்லா அணிவிக்கலாம்.

ஜைத்தூன் எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அருள்மறையில் சிறப்பித்துக் கூறப்பட்ட மரத்தின் எண்ணெய் என்பதால் நம் வீடுகளில் பிள்ளையின் உடலெங்கும் அதைத் தடவுவதுண்டு. ஆனால் 2013-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, அவ்வெண்ணெய் பெரியவர்களின் தோலிலேயே மேற்பரப்பின் காப்பைத் தளர்த்திச் சிவப்பை உண்டாக்கியதைக் காட்டியது. பச்சிளம் தோலுக்கு அது உகந்ததன்று என்று அவர்கள் கருதினர். உணவாகச் சிறந்த ஒன்று எல்லாத் தோலுக்கும் மருந்தாக வேண்டும் என்பதில்லை. இதைச் சொல்வதால் அதன் பரக்கத்து குறைந்துவிடாது. அவ்வாறே கருஞ்சீரக விழுதையும் எலுமிச்சைச் சாற்றையும் மழலையின் தலையில் பூசுவதைத் தவிர்ப்பதே நலம்.

இனி அகீகாவுக்கு வருவோம். ஏழாம் நாளில் அறுத்துப் பலியிடுவதும், முடி களைவதும், பெயர் சூட்டுவதும் நபிவழி. அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள் தம் பிள்ளைகளின் முடியை நிறுத்து அந்த எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. பொருக்கு தடித்துப் படியும் முன்பே பெரும்பாலும் ஏழாம் நாள் வந்துவிடும். நாம் விருந்துக்காகவும் வெளிநாட்டு உறவினர் வருகைக்காகவும் ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போடும்போதுதான், சவரக் கத்தி பொருக்கின் மீது ஓட நேர்கிறது. மேடுபள்ளமான அந்தத் தோலில் கத்தி எளிதில் வெட்டிவிடும். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடு மற்றொருவரின் இரத்தத்தில் பட்டால் ஹெபடைட்டிஸ் பி போன்ற நோய்கள் பரவக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே இயன்றவரை ஏழாம் நாளிலேயே முடியுங்கள். எந்நாளாயினும் புதிய பிளேடு கட்டாயம். பொருக்கு இருந்தால் முதலில் இளக்கி அகற்றுங்கள். தோல் புண்ணாகியிருந்தால் ஆறும்வரை காத்திருங்கள்.

நாகலூர் வீட்டில் அதுவே நடந்தது. பிள்ளையின் அத்தா தொலைபேசியில் மருத்துவரிடம் பேசினார். பிறகு, திண்ணையில் காத்திருந்த நாவிதருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆடு அறுக்கப்பட்டது, இறைச்சி பங்கிடப்பட்டது, முடி மட்டும் களையப்படவில்லை. “முடி இறக்காமல் என்ன அகீகா?” என்று சிலர் முணுமுணுத்தனர். நாங்கள் அந்த அத்தாவின் பக்கமே நின்றோம். அறுப்பதும் முடி களைவதும் ஒன்றையொன்று தழுவி வந்தாலும் தனித்தனிச் செயல்கள். புண் ஆறும்வரை ஒன்று பிந்தினால் மற்றொன்று வீணாகிவிடாது. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். ஒரு மாதம் கழித்து, ஆறிய தலையில் கீறலின்றி முடி களையப்பட்டது என்று செய்தி வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பொருக்கிலிருந்து நீர் கசிந்தாலும், சீழோ இரத்தமோ வந்தாலும், முகத்துக்கும் உடலுக்கும் பரவினாலும், பிள்ளை அரிப்பால் உறக்கமின்றி அழுதாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மலையிலிருந்து இறங்க நேரமாகும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரசவித்த பெண் உடலாலும் உள்ளத்தாலும் தளர்ந்திருக்கும் நாட்கள் அவை. பிள்ளையின் தலையில் பொருக்கைக் கண்டால், “நீ என்ன தின்றாய்?” என்று கேட்காதீர்கள். “எண்ணெயை எடுத்து வா மகளே, நான் தடவிவிடுகிறேன்” என்று சொல்லுங்கள். எல்லாக் காரியங்களிலும் மென்மையை விரும்பச் சொன்ன நபியின் உம்மத் நாம். அந்த மென்மை பிள்ளையின் தலைக்கும் வேண்டும், பெற்றவளின் மனத்துக்கும் வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.